பயமா, பயிற்சியா, அபராதமா, சாலையா: ஓட்டுநரை எது மாற்றுகிறது?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. நாடு முழுவதும் நடந்த இறப்புகளில் பத்துக்கு ஏழு, அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. வேகமாகப் போனால் ஆபத்து என்று தெரியாதவர் இவர்களில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தெரியும், ஆனால் அந்த ஆபத்து வேறு யாருக்கோ என்று மனம் ஒதுக்கி வைத்துவிடுகிறது.

1981இல் ஓலா ஸ்வென்சன் என்ற ஆய்வாளர் மாணவர்களிடம், கூட இருப்பவர்களோடு ஒப்பிட்டால் உங்கள் ஓட்டும் திறமை எப்படி என்று கேட்டார். அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேரும், ஸ்வீடன் மாணவர்களில் 69 சதவீதம் பேரும் தங்களை மேல்பாதியில் வைத்துக்கொண்டார்கள். நம் ஊர் வேன் ஸ்டாண்டில் கேட்டாலும் பதில் பெரிதாக மாறாது என்றே நினைக்கிறேன். சாலைப் பாதுகாப்புக்கென்று சொல்லப்படும் எந்த வழியையும் நான் ஒரே கேள்வியால்தான் எடை போடுகிறேன்: "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்ற இந்த நினைப்பை அது என்ன செய்கிறது?

முதலில் பயம். சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் எமதர்மன் வேடத்தில் ஒருவர் பாசக்கயிற்றோடு சிக்னலில் நிற்பார். நொறுங்கிய கார் ஒன்றை மேடையேற்றி வைப்பார்கள். பார்க்கிறவர்கள் அதிர்ச்சி அடைவது உண்மை. ஆனால் பார்த்த அடுத்த நொடியே, "பாவம், கண்மண் தெரியாம ஓட்டியிருப்பான்" என்று மனம் அந்த விபத்தை இன்னொருவன் கணக்கில் எழுதிவிடுகிறது. பெரும்பாலும் நாம் குறிவைக்கும் இளைஞர்களிடம்தான் இந்தப் பயம் மிகக் குறைவாக ஒட்டுகிறது.

பயம் ஓரளவு வேலை செய்த இடமும் உண்டு. மும்பை வடாலா ரயில் நிலையத்தருகே, தண்டவாளத்தைக் கடந்து சாகிறவர்களைக் குறைக்க ஃபைனல்மைல் என்ற நிறுவனம் 2010ஐ ஒட்டி ஒரு சோதனை நடத்தியது. ரயில் மோதப்போகும் மனிதனின் முகத்தை மூன்று படங்களாக, கடக்கும் இடத்திலேயே வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. பெரிய பொருள் நகரும்போது உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதுபோல் கண்ணுக்குத் தெரியும். அதனால் சில ஸ்லீப்பர் கட்டைகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசினார்கள். அந்தக் கோடுகள் மறைவதைப் பார்த்தால் ரயில் எவ்வளவு விரைவாக நெருங்குகிறது என்று புரியும். ஒரே நீண்ட ஹாரனுக்குப் பதில் இரண்டு குட்டை ஹாரன் அடிக்கச் சொன்னார்கள். அங்கே இறப்புகள் நன்றாகக் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரும்பங்கு வேலையைப் பயமுறுத்திய படத்தைவிடக் கண்ணின் தவறைத் திருத்திய மஞ்சள் கோடு செய்திருக்கும் என்பது என் கணிப்பு. அரசு மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய படத்துக்கு இந்தப் பலன் கிடைக்காது. ஆபத்து இருக்கும் இடத்தில், அந்த நொடியில் இருந்தால்தான் அது எச்சரிக்கை.

அடுத்தது பயிற்சி. எல்லோருக்கும் பிடித்த தீர்வு, எனக்கு மிகுந்த கவலை தருவதும் இதுதான். நார்வேயில் புதிய ஓட்டுநர்களுக்கு, வழுக்கும் சாலையில் வண்டியை மீட்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்தபோது இளம் ஆண்களிடம் வழுக்குச்சாலை விபத்துகள் கூடியிருந்தன. "வழுக்கினாலும் சமாளிப்பேன்" என்ற தைரியம் வந்துவிட்டது, அந்தத் தைரியம் வேகமாக மாறிவிட்டது. கற்ற திறமையைவிட ஏறிய நம்பிக்கை பெரிது.

நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டு போடுவதை நினைத்துப் பாருங்கள். கால் ஊன்றாமல் வளைத்தால் லைசென்ஸ். வண்டி மனிதனின் கைக்கு அடங்குகிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. நிற்கும் பஸ்ஸின் முன்னாலிருந்து குழந்தை ஓடிவரலாம், எதிரே வலப்பக்கம் திரும்பும் காருக்கு நம் பைக் கண்ணில் படாமலிருக்கலாம் என்று முன்கூட்டியே யோசிக்கிறானா என்பதை அது தொடுவதே இல்லை. பிரிட்டனில் 2002 நவம்பரிலிருந்து எழுத்துத் தேர்வோடு இன்னொரு பகுதி இருக்கிறது. சாலைக் காட்சி வீடியோவாக ஓடும். ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே பட்டனை அழுத்த வேண்டும். பயிற்சி என்றால் எனக்கு இதுதான் பயிற்சி. வண்டியை வளைக்கும் திறமை "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பதை வளர்க்கிறது, ஆபத்தை முன்பே பார்க்கப் பழகியவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறான்.

இனி தண்டனை. 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தை ஒட்டி, 2022 அக்டோபரில் தமிழ்நாடு அபராதங்களை உயர்த்தியது. ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது, குடித்து ஓட்டினால் 10,000. ஆனாலும் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹெல்மெட் போலீஸைத் தூரத்தில் பார்த்ததும்தான் தலைக்கு ஏறுகிறது. எதிரே வருகிறவர் லைட் அடித்துக் காட்டி, "அங்க நிக்கிறாங்க" என்று உதவியும் செய்கிறார். தொகை பத்து மடங்கு கூடினாலும் மாட்டுவோம் என்ற எண்ணம் கூடாவிட்டால் ஓட்டுகிறவர் மனத்தில் கணக்கு மாறாது.

இதற்கு அருமையான ஒப்பீடு வரலாற்றிலேயே இருக்கிறது. 1967 அக்டோபரில் பிரிட்டன், குடித்து ஓட்டுகிறவரைப் பிடிக்க ஊதிப் பார்க்கும் சோதனையைக் கொண்டுவந்தது. பெரிய விளம்பரம். வார இறுதி இரவு விபத்துகள் சட்டென்று குறைந்தன. பிறகு தாங்கள் சோதனையில் சிக்கும் வாய்ப்பு சொற்பம் என்று மக்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள், எண்ணிக்கை மறுபடி ஏறியது. லாரன்ஸ் ராஸ் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். 1982 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் வேறு மாதிரிச் செய்தது. சந்தேகமே இல்லாவிட்டாலும் வழியில் யாரையும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ மூன்று ஓட்டுநருக்கு ஒரு சோதனை என்ற அளவுக்கு நடத்தினார்கள். அங்கே பலன் நிலைத்தது.

அந்த மாநிலத்தை ஆராய்ந்தவர்கள் சொன்ன இன்னொரு விஷயத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நண்பர்கள் ஊற்றிக் கொடுக்கும்போது மறுக்க ஒரு காரணம் கிடைத்தது. "ஒரு பெக்தானேடா" என்பவனிடம் ஒழுக்கம் பேச முடியாது, பேசினால் கேலிதான். "வழியில ஊதச் சொல்வாங்கடா" என்றால் அவனும் விட்டுவிடுவான். விபத்து தனக்கு நடக்காது என்று நம்புகிறவன்கூட, நேற்றே தன்னை நிறுத்திய போலீஸ் இன்றும் நிறுத்தலாம் என்பதை நம்புகிறான். எனவே பெரிய அபராதத்தையும் அடிக்கடி நடக்கும் சோதனையையும் எதிரெதிரே வைத்தால், நான் தயங்காமல் இரண்டாவதைத் தேர்வேன். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை.

கடைசி வழி சாலையையே மாற்றுவது. ஓட்டுநர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது என்று ஸ்வீடன் 1997இல் நாடாளுமன்றத்திலேயே கொள்கை வகுத்தது. அதன் பிறகு அகலமான இருவழிச் சாலைகள் பலவற்றை மூன்று தடமாக்கினார்கள். நடுத்தடம் சில தூரம் இந்தப் பக்கத்துக்கு, சில தூரம் அந்தப் பக்கத்துக்கு முந்திச்செல்ல விடப்படும், இடையே கம்பிவடத் தடுப்பு. நேருக்கு நேர் மோதுவதற்கு வழியே இல்லாமல் போனது. அத்தகைய சாலைகளில் இறப்புகள் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தன. ஓவர்டேக் எடுக்கும் பஸ் எதிரே வந்து, மண்ணில் இறங்கி உயிர் தப்பிய அனுபவம் உள்ள நமக்கு இதன் அருமை புரியும். அந்த பஸ் டிரைவரின் மனத்தைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் சாலை மாற்றம் என்றால் வேகத்தடைதான் நினைவுக்கு வருகிறது. இந்தியச் சாலைகள் பேரவை வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அப்படி இருந்தால் 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் ஏறி இறங்கலாம். விபத்து நடந்த கோபத்தில் ஊரே சேர்ந்து போட்ட கூரான மேடு, வெள்ளைக்கோடும் இல்லாமல் இருட்டில் கிடந்தால், பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்த பெண்ணைத் தூக்கி எறிகிறது. சாலை வழி என்று ஆதரிப்பதில் இதை நான் சேர்க்கவில்லை.

சாலையையும் வண்டியையும் பாதுகாப்பாக்கினால் மனிதன் அதையும் வேகமாக மாற்றிவிடுவான் என்ற வாதம் உண்டு. பாதி உண்மை. ஜெர்மனியின் மியூனிக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் பொருத்திய டாக்சிகள், பொருத்தாதவற்றைவிடக் குறைவாக மோதவில்லை, ஓட்டுநர்கள் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். பிரேக் நன்றாகப் பிடிப்பது காலுக்கே தெரிகிறதல்லவா? ஆனால் இதே வாதத்தை வைத்து ஹெல்மெட் வேண்டாம் என்கிறவர்களை ஏற்க முடியாது. ஹெல்மெட் தலைக்காயத்தின் வாய்ப்பை 69 சதவீதமும், இறப்பின் வாய்ப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

என் வரிசை இதுதான்: சாலை, அடிக்கடி சோதனை, ஆபத்தைப் பார்க்கும் பயிற்சி, வெகு பின்னால் பயம். முதல் இரண்டும் அரசின் கையில். வீட்டின் கையில் இருப்பதில் மிக வலுவானது எது என்று கேட்டால், 1987இல் நியூசிலாந்து கொண்டுவந்த படிப்படியான உரிமத்தைச் சொல்வேன். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக்கூடாது, கூட்டாளிகளை ஏற்றக்கூடாது. ஓட்டத் தொடங்கிய முதல் மாதங்களில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கிறது, இருட்டும் கூடவரும் நண்பர்களும் அதை இன்னும் ஏற்றுகிறார்கள். மகனுக்கோ மகளுக்கோ வண்டி வாங்கித் தருகிறவர்கள் இந்தச் சட்டம் இங்கே வரும்வரை காத்திருக்க வேண்டாம். சாவியைக் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவிடலாம்: முதல் ஆறு மாதம் ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டி கிடையாது, பின்னால் யாரும் உட்காரக் கூடாது, அவசரம் என்றால் எந்த நேரமானாலும் போன் பண்ணு, நான் வந்து கூட்டிப் போகிறேன்.