வீட்டை விட்டுக் கிளம்பவே எட்டு மணி நேரம்: ட்ரெயில்ஸ் இன் தி ஸ்கை

ரொம்ப நீளமான கதை உள்ள கேம் எது என்று யாரைக் கேட்டாலும் மணிக்கணக்கில்தான் பதில் வரும். பெர்சோனா 5 ராயலை முடிக்க நூறு மணி நேரம், டிராகன் குவெஸ்ட் ஏழாம் பாகத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதை, யகுசா தொடரின் நாயகன் கிரியூ 2005இல் அடிக்கத் தொடங்கியவர் இன்னும் கையை இறக்கவில்லை. எல்லாம் நல்ல கேம்கள்தான். ஆனால் ஒரே உலகம், ஒரே காலக்கோடு, இந்தப் பாகத்தில் ஊர் மூலையில் நின்று புலம்பிய ஆள் நான்கு பாகம் கழித்து வேறொரு நாட்டில் வேறொரு மூலையில் நின்று அதே புலம்பலைத் தொடர்கிறான் என்றால், அது நிஹான் ஃபால்காம் என்ற ஜப்பானிய கம்பெனியின் ட்ரெயில்ஸ் தொடரில்தான் நடக்கும். அண்டன் என்று ஒருவன் இருக்கிறான். காதல் கைகூடாத அண்டன். லிபேர்லில் ஆரம்பித்து கிராஸ்பெல், எரிபோனியா என்று எல்லை தாண்டித் தாண்டிப் போயும் அவனுக்கு விடிந்தபாடில்லை. மெயின் கதைக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் புது ஊருக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடுவது அவனைத்தான்.

ஜப்பானியத்தில் இந்தத் தொடருக்குப் பெயர் கிசெகி, நம் மொழியில் தடம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் பாகமான ட்ரெயில்ஸ் இன் தி ஸ்கை 2004 ஜூனில் ஜப்பானில் கணினிக்கு வந்தது. 2024இல் அங்கே வந்ததோடு 13 பாகங்கள். கேமுக்குள் இருக்கும் நாட்காட்டியில் கதை 1202இல் தொடங்குகிறது, பதின்மூன்றாவது பாகத்தில் நடப்பது 1209. இருபது வருடம் உழைத்து ஏழு வருடக் கதை சொல்லியிருக்கிறார்கள்! முதல் பாகம் வந்தபோது எல்கேஜியில் சேர்ந்த பிள்ளை இன்று டிகிரி முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும், அப்போது பதினாறு வயதாக இருந்த நாயகி எஸ்டெல்லுக்கு இன்னும் இருபத்தைந்து ஆகவில்லை. இதைச் செய்வது நூறு பேர்கூட இல்லாத ஒரு சின்ன கம்பெனி என்பதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அதன் தலைவர் தோஷிஹிரோ கோண்டோ, ஃபால்காம் கேம்களுக்கு ரசிகர் தளம் நடத்திக்கொண்டிருந்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர்.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கேம், பொம்மை மாதிரி உருவங்கள், எதற்கு என்று ஸ்கையை ஒதுக்கிவிட்டு நேராக, இதே தொடரில் பின்னால் வந்த கோல்ட் ஸ்டீல் முதல் பாகத்தில் குதித்தேன். முதல் இரண்டு பாகம் சிக்கலில்லாமல் போனது. மூன்றாவதில் ஒரு பெரிய வாளோடு ஒருவன் வருகிறான், கூடவே காகிள்ஸ் மாட்டிய ஒரு பெண், இசை மாறுகிறது, கேமரா மெதுவாக மேலே போகிறது, எல்லாரும் அவர்களைப் பார்த்து நெகிழ்கிறார்கள், நான் மட்டும் யார் மாமா யார் சித்தப்பா என்று தெரியாமல் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவன் போல முழித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே நிறுத்திவிட்டு ஸ்கை முதல் பாகத்தை வாங்கினேன். ஆகவே இது அந்த முதல் பாகத்தைப் பற்றிய விமர்சனம். மற்ற பன்னிரண்டுக்கும் வாசல் இதுதான்.

கதை எளிமையானது. லிபேர்ல் என்ற சின்ன நாடு, அதில் ரோலண்ட் என்ற சின்ன ஊர். காசியஸ் பிரைட் ஒரு நாள் இரவு அடிபட்ட ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். அவன்தான் ஜோஷுவா. எங்கிருந்து வந்தான் என்று யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. ஐந்து வருடம் கழித்து அவனும் காசியஸின் மகள் எஸ்டெல்லும் பிரேசர் வேலைக்குச் சேர்கிறார்கள். பிரேசர் என்றால் போலீஸும் இல்லை, கூலிப்படையும் இல்லை, ஊருக்கு உதவி செய்வதைத் தொழிலாக வைத்திருக்கும் ஒரு சங்கத்து ஆட்கள். அப்பா ஏறியதாக நினைத்த வான்கப்பல் காணாமல் போகிறது, பிள்ளைகள் தேடிக் கிளம்புகிறார்கள்.

அந்தக் கிளம்புதலுக்கே எனக்கு எட்டு மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் செய்தது என்ன? சாலையில் எரியாத விளக்கை மாற்றினேன், ராத்திரியில் பண்ணைக்குள் புகுந்து காய்கறியைத் தின்னும் மிருகங்களைத் துரத்தினேன், சாமான் தொலைத்தவர்களுக்குத் தேடிக் கொடுத்தேன். உலகத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. இங்கேதான் பாதிப் பேர் கேமை மூடிவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நானே இரண்டாவது நாள் கொட்டாவி விட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் மெதுவாகத்தான் பிடிபட்டது. இந்த கேமில் தெருவில் நிற்கும் ஆட்கள் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பொம்மைகள் இல்லை. கதையில் ஏதாவது நடந்தால் ஊரில் அத்தனை பேருடைய பேச்சும் மாறிவிடும். போஸ் நகரத்தில் வான்கப்பல் போக்குவரத்து நின்றுபோனதும் சந்தைக்காரர்கள் சரக்கு வரவில்லை என்று கவலைப்படுகிறார்கள், பயணிகள் மாட்டிக்கொண்டு தவிக்கிறார்கள். அரசியல் ஒரு பக்கம் ஓடுகிறது, அது அடுப்பங்கரை வரைக்கும் எப்படி வந்து சேர்கிறது என்பதை எவனோ ஒரு எழுத்தாளன் பெயர்கூடத் தெரியாத கதாபாத்திரங்களுக்கெல்லாம் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். ஒவ்வொரு சம்பவத்துக்கும் பிறகு ஊரை ஒரு சுற்று சுற்றி எல்லாரிடமும் பேசுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது, நேரம் ஓடியதும் அதில்தான். வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ருசி உடனே பிடிக்கும். அடுத்த இதழ் வரும்வரை கிளைக் கதாபாத்திரம் என்ன ஆனாள் என்று யோசிப்போமே, அது மாதிரி.

பத்து வருடத்துக்கு முன்னால் நடந்த ஒரு போர் கதைக்கு அடியில் கிடக்கிறது. எரிபோனியா படையெடுத்து வந்த நூறு நாள் போர். எஸ்டெல்லின் அம்மா இறந்தது அதில்தான். கேம் இதைத் தொடக்கத்தில் ஒரே மூச்சில் கொட்டிவிடுவதில்லை, போகிற போக்கில் ஒருவர் ஒரு வரி சொல்வார், இன்னொரு ஊரில் இன்னொருவர் அதே போரை வேறு மாதிரி சொல்வார், கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரு படமாகும். ருவான் ஊர்ப் பகுதியில் ஒரு பள்ளிக்கூட நாடகம் வருகிறது, பெண்கள் வீரர்களாகவும் ஜோஷுவா இளவரசியாகவும் வேஷம் கட்டுகிறார்கள். சிரிப்புக்காக வைத்தது என்று நினைத்துப் பார்க்கத் தொடங்கினால் நாடகம் முடியும்போது மனசு கொஞ்சம் கனத்துப்போகிறது. இதற்கு மேல் சொன்னால் கெடுத்துவிடுவேன்.

சண்டை பற்றி. முறை வைத்து அடிக்கும் சண்டைதான், ஆனால் கட்டம் போட்ட தரையில் நின்று அடிக்க வேண்டும், யாருடைய முறை எப்போது வரும் என்பது ஓரத்தில் வரிசையாகத் தெரியும். சில முறைகளுக்கு மேலே சலுகை இருக்கும், அந்த முறையில் அடித்தால் அடி கட்டாயம் பலமாக விழும், அல்லது உயிர் கொஞ்சம் ஏறும். பாஸ் எனப்படும் பெரிய எதிரியின் கைக்குப் போகவேண்டிய சலுகையை நம் ஆளின் சிறப்பு அடியை நடுவில் நுழைத்துப் பிடுங்கிக்கொள்ளலாம். இந்தப் பிடுங்கல்தான் சண்டையின் ஜீவனே. மந்திரங்களுக்கு குவார்ட்ஸ் என்ற கற்களைக் கோத்து வைக்க வேண்டும், எந்தக் கல் எந்த வரிசையில் என்பதைப் பொறுத்து மந்திரம் மாறும், முதல் பத்து மணி நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை, கைக்கு வந்ததை வைத்து ஓட்டினேன். எதிரிகள் வழியில் கண்ணுக்குத் தெரிவார்கள், வேண்டாமென்றால் ஒதுங்கிப் போகலாம்.

எரிச்சல்கள் இல்லாமல் இல்லை. பழைய பதிப்பில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடைதான், அதுவும் போன வழியிலேயே திரும்பி வரும் நடை. கணினிப் பதிப்பில் வேகத்தைக் கூட்டும் டர்போ பொத்தான் இருப்பதால் பிழைத்தோம். சில சின்ன வேலைகளுக்குக் காலக்கெடு உண்டு, கதை நகர்ந்துவிட்டால் அவ்வளவுதான். கார்னேலியா என்று ஒரு நாவல் கேமுக்குள்ளேயே பாகம் பாகமாகக் கிடைக்கிறது, சரியான நேரத்தில் சரியான ஆளிடம் பேசினால்தான் அந்தந்தப் பாகம் கைக்கு வரும். நான் இரண்டைத் தவறவிட்டேன். எல்லாவற்றையும் பிடிக்க நினைத்தால் வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாட வேண்டும், அப்படி விளையாடினால் கதையின் ருசி போய்விடும், ஆகவே தவறட்டும் என்று விடுங்கள்.

படிக்கவும் நிறைய இருக்கிறது. பழைய ஆங்கிலப் பதிப்பில் வசனங்களைப் பேசிக் காட்ட ஆளில்லை, எல்லாம் எழுத்து. ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது என்றால் இது உங்களைக் களைப்பாக்கும். படிக்கப் பிடிக்கும் என்றால் காலிப் பெட்டிகளைக்கூட விடாதீர்கள். புதையல் பெட்டியைத் திறந்து சாமானை எடுத்த பிறகு அதே பெட்டியை மறுபடி தட்டினால், மொழிபெயர்த்தவர்கள் பெட்டிக்குப் பெட்டி ஒரு கிண்டல் எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்கிய சம்பளத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் பாகம் எனக்கு 46 மணி நேரம் ஓடியது. முடிவு? முடிவு என்று சொல்ல முடியாது, நடுவில் வெட்டி நிறுத்தியது. ஒரே கேமாகத் திட்டமிட்டு, பெருத்துப் போனதால் இரண்டாகப் பிரித்தது அது. கடைசிக் காட்சி முடிந்ததும் நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு உடனே இரண்டாம் பாகத்தை வாங்கினேன். 2011இல் பிஎஸ்பி என்ற கையடக்க கேம் கருவியில் ஆங்கிலத்தில் ஆடியவர்களை நினைத்துப் பாருங்கள், அவர்களுக்கு அடுத்த பாகம் ஆங்கிலத்தில் வந்தது 2015இல். நான்கு வருடம் அந்தக் காட்சியோடு தூங்கி எழுந்திருக்கிறார்கள். கிராஸ்பெல் பாகங்கள் இரண்டுக்கும் இன்னும் மோசம், ரசிகர்களே கூடி மொழிபெயர்த்து 2020இலும் 2021இலும் வெளியிட்டார்கள், அந்த மொழிபெயர்ப்பை வைத்துத்தான் பிறகு அதிகாரப்பூர்வப் பதிப்பே வந்தது.

எதை வாங்குவது? 2025 செப்டம்பரில் முதல் பாகத்தைப் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள். பொம்மை உருவங்கள் போய் முழு உருவங்கள், ஊருக்கு ஊர் சட்டென்று போகும் வசதி, சண்டையில் பாதி நேரடியாகக் கையால் அடிப்பது. கதை அதேதான். நல்ல கணினியோ பிஎஸ்5, ஸ்விட்ச் ஏதாவதோ இருந்தால் யோசிக்காமல் அதை வாங்குங்கள், என்னை மாதிரி முகம் சுளித்து ஒதுக்கமாட்டீர்கள். பழைய லேப்டாப் என்றால் பழைய பதிப்பு போதும், அது ஓடாத கணினி அபூர்வம், தள்ளுபடி விற்பனையில் மலிவாகவும் கிடைக்கும்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஸ்கை மூன்று, பிறகு கிராஸ்பெல் இரண்டு, பிறகு கோல்ட் ஸ்டீல் நான்கு, ரெவரி, அப்புறம் டேபிரேக். நான் இப்போது கிராஸ்பெல் இரண்டாவதில் இருக்கிறேன். ஸ்கை இரண்டாம் பாகம் பழைய ஊர்களையே மறுபடி சுற்ற வைக்கும், அங்கே கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பழைய பதிப்பில் முதல் பாகம் முடிந்ததும் ஒரு சேவ் போடச் சொல்லும், எல்லாம்தான் முடிந்துவிட்டதே என்று தாண்டிவிடாதீர்கள். இரண்டாம் பாகம் தொடங்கும்போது அதைக் கேட்கும், கொடுத்தால் நீங்கள் சம்பாதித்ததற்கு ஏற்ப லெவலும் சில சாமான்களும் கூட வரும்.