புறக்கோட்டை வூலும் நுவரெலியாச் சுவெற்றரும்

கொழும்பில் இருந்துகொண்டு சுவெற்றர் பின்னுகிறேன் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஃபானை 5இல் விட்டும் முழங்கை மடிப்பில் வேர்வை. மடியில் அரைக்கிலோ வூல். பக்கத்து ஃபிளாட் அன்ரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, உமக்குக் காய்ச்சலோ?" என்றார்.

காய்ச்சல் இல்லை. அக்காவின் மகனுக்கு ஆசிரியராக முதல் நியமனம் நுவரெலியாவில். 1,868 மீற்றர் உயரம், தை மாசியில் புல்லில் உறைபனி படிகிற ஊர். போய் இரண்டாம் நாளே போன்: "சின்னம்மா, இங்க காலமையில வாயைத் திறந்தா புகை வருது." கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் அடித்து அடித்துப் பழக்கின குரோசே, அதாவது ஒற்றைக் கொழுக்கி ஊசிப் பின்னல், முப்பது வருடமாக மேசை விரிப்பைத் தாண்டிப் போகவில்லை. ஒருக்கால் பெரிதாய் ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசை.

வூல் வாங்கின கடை புறக்கோட்டையில், குறுக்குத் தெருக்களுக்கு உள்ளே. பெயர் சொல்லப் போவதில்லை. கொஞ்சம் குறை சொல்ல இருக்கிறது, அந்த முதலாளி நல்ல மனிதர். வெள்ளவத்தையில் 100 அல்லது 101 ஏறினால் கடைசி வரை இருந்து, இறங்கி நடக்க வேண்டியதுதான். வாகனத்தில் போகாதீர்கள், விட இடமில்லை. ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான போயாவும் போய்ப் பூட்டின கதவைப் பார்க்காதீர்கள். காலை பத்து மணிக்கு முன் போனால் மூட்டை இழுக்கிற நாட்டாமிகளின் கைவண்டியில் அடிபடாமல் தப்பலாம்.

கடையின் முன்பக்கம் பொத்தான், லேஸ், சிப். பின்னால் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய இடுக்கில், தரையிலிருந்து கூரை வரை பொலித்தீன் பைகளில் வூல். ஃபான் இல்லை. அந்த இடுக்கில் அரை மணித்தியாலம் நின்றேன், வெளியே வரும்போது குளித்த மாதிரி. ஆனால் நிறங்கள்! மஞ்சளிலேயே ஏழெட்டு வகை. முதலாளி நானா பொறுமையாக ஒவ்வொரு பையாக இறக்கிக் காட்டினார். "பெரியாளுக்கா, சின்னப் பிள்ளைக்கா? உடம்போட ஒட்டிப் போடுறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தந்தார். அப்படிக் கேட்கிற கடைக்காரரைப் பார்த்துக் கனகாலம்.

நான் எடுத்தது கத்தரிப்பூ நிறம் கலந்த கடும் சிவப்பு. அக்ரிலிக், எட்டுப் பிரிக் கனம், 100 கிராம் உருண்டை 680 ரூபா. அக்ரிலிக் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். தங்குமிடத்தில் வாளிக்குள் ஊறப்போட்டுத் தோய்க்கிற இளந்தாரிப் பெடியனுக்கு ஆட்டு மயிர் வூல் கொடுத்தால் ஒரே தோய்ச்சலில் அது சுருங்கிப் பொம்மைச் சட்டையாகிவிடும். அக்ரிலிக் சுருங்காது, பூச்சி அரிக்காது. குத்துமா என்று பார்க்க உருண்டையைக் கையில் தடவிப் பயனில்லை. நாடிக்குக் கீழே கழுத்தில் தேய்த்துப் பாருங்கள். இது குத்தவில்லை.

ஆறு உருண்டை வாங்கினேன். அங்கேதான் என் கணக்குப் பிழைத்தது. அம்மா இரண்டு ஊசியில் பின்னின காலத்தில் அப்பாவின் சுவெற்றருக்கு 600 கிராம் காணும் என்பார். குரோசே அப்படியில்லை. கொழுக்கியால் போடுகிற ஒவ்வொரு கண்ணும் நூலைச் சுற்றிச் சுற்றி விழுங்கும். அதே அளவுச் சட்டைக்கு மூன்றில் ஒரு பங்கு கூடத் தின்னும். நானாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கு இரண்டு ஊசியும் ஒன்று, கொழுக்கி ஊசியும் ஒன்று.

பின்னத் தொடங்கியதும் இன்னொரு கூத்து. யூடியூபில் ஒரு அமெரிக்கப் பெண் "டபுள் குரோசே" என்ற கண்ணைப் போடச் சொன்னாள். சிஸ்டர் பழக்கின டபுள் குரோசேயை நானும் இரண்டு பின்னேரம் போட்டுக்கொண்டு போனேன். துணி, கால் துடைக்கிற மெத்தை மாதிரி விறைத்து நின்றது. பிறகுதான் விளங்கியது: அமெரிக்கர் டபுள் என்பது பிரித்தானியரின் ட்ரெபிள். எங்கள் பள்ளிக்கூடங்கள் பிரித்தானியப் பெயரில் பழக்கினவை. வீடியோ பார்த்துப் பின்னுகிறவர்கள் முதலில் ஊசியைப் பாருங்கள், சொல்லைக் கேளாதீர்கள். எல்லாவற்றையும் அவிழ்த்து, சிஸ்டரின் டபுளுக்கும் உயரமான ட்ரெபிளுக்கும் நடுவில் உள்ள அரை ட்ரெபிளுக்குப் போனேன். ட்ரெபிள் ஓட்டைக்குள்ளால் நுவரெலியாக் காற்று நேரே நெஞ்சுக்குப் போய்விடும்.

லேபிளில் 4 மில்லிமீற்றர் ஊசி என்று இருந்தது. நான் 5 எடுத்தேன், துணி தொய்ந்து விழ வேண்டும் என்று. மாதிரித் துண்டில் 10 சென்ரிமீற்றருக்கு 14 கண், 10 வரி வந்தது. அலுமினிய ஊசி வேர்வைக் கையில் கிறீச்சிடும். அக்ரிலிக்கும் அந்த ஈரத்தில் ஊசியை விடாது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் கை ஓடியது. ஒரு உருண்டைக்கு நடுவில் இரண்டு முடிச்சு. 680 ரூபாவுக்கு இது எனக்குப் பெரிய குறையில்லை.

பெரிய குறை பிறகு வந்தது. முதுகு, முன்பக்கம் முடிந்து வலது கை மணிக்கட்டை நெருங்கும்போது வூல் தீர்ந்தது. மூன்று கிழமை கழித்துத் திரும்பப் போனேன். அதே நிற எண், அதே பை. இன்னும் மூன்று உருண்டை. "ஒண்டுதான் தங்கச்சி, வித்தியாசம் இல்ல" என்றார் நானா. கடை ரியூப் லைற்றில் எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இடது கையைப் பின்னிப் பொருத்தி, காலையில் பல்கனியில் தூக்கிப் பார்த்தால், உடம்பு கத்தரிப்பூச் சிவப்பு, இடது கை செங்கல்! லேபிளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நிற எண் ஒன்று. அதற்குக் கீழே சின்னதாக இருந்த சாய லொட் எண் வேறு. ஒவ்வொரு முறை சாயம் காய்ச்சும்போதும் நிறம் ஒரு மயிரிழை மாறும். அதற்காகத்தான் அந்த எண்ணை அச்சடிக்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். பில் துண்டு இல்லை. காசு வாங்கிப் பெட்டியில் போட்டதோடு சரி, கார்ட்டும் எடுப்பதில்லை. பின்னின வூலை யார் திருப்பி எடுப்பார், அதுவும் நியாயம். ஆனால் வித்தியாசம் இல்லை என்று வாயால் சொல்லாமல் லேபிளை ஒருக்கால் பார்த்திருக்கலாம்.

இரண்டு கையையும் அவிழ்த்தேன். பழைய லொட்டில் இரண்டு வரி, புதியதில் இரண்டு வரி, மாறி மாறி. இரண்டிரண்டாகப் போனால் நூல் தொடங்கின ஓரத்துக்கே திரும்பி வந்துவிடும், வெட்டி முடிச்சுப் போடத் தேவையில்லை. கழுத்தும் கீழ் விளிம்பும் முழுக்கப் புதியதில். இப்போது பார்ப்பவர்கள் வேண்டுமென்றே போட்ட கோடு என்கிறார்கள். அக்கா மட்டும் கண்டுபிடித்துவிட்டா. அவவும் அதே சிஸ்டரிடம் படித்தவ.

முடிந்தபின் அயன் வைத்துவிடாதீர்கள். அக்ரிலிக் பிளாஸ்ரிக் இனம். நான் மாதிரித் துண்டில் வைத்துப் பார்த்தேன், பளபளத்துச் செத்த மீன் மாதிரி தொங்கிப்போனது. ஆவி அயனை ஒரு அங்குலம் மேலே பிடித்துக் காட்டினால் போதும். சாயம் போகவில்லை; வெள்ளைக் கைலேஞ்சியோடு சேர்த்து ஊறவைத்துச் சோதித்தேன்.

இப்போது இரண்டு மாதமாகப் போடுகிறான். கமக்கட்டில் நூல் சின்னச் சின்ன உருண்டையாகத் திரள்கிறது, முழங்கை கொஞ்சம் தொய்ந்திருக்கிறது. "காலமைக் கூட்டத்துக்குக் காணும் சின்னம்மா. காத்தடிச்சா மட்டும் மேல ஜக்கெற் வேணும்." 6,120 ரூபாவுக்கு, அவிழ்த்த மூன்று கிழமையைக் கணக்கில் எடுக்காவிட்டால், நான் முறைப்பட மாட்டேன். அந்தக் கடைக்கே திரும்பவும் போவேன், போயும் விட்டேன்.

பெறாமகனோடு படிப்பிக்கிற தம்பி ஒருவருக்கும் வேண்டுமாம், கடும் பச்சையில். நானா பையை இறக்கினார். நான் முதலில் லேபிளைத்தான் பார்த்தேன். ஒரே லொட்டில் ஆறு உருண்டைதான் இருந்தது. "மிச்சம் அடுத்த கிழமை வரும், இதக் கொண்டு போங்க" என்றார். ஆறையும் மேசையில் வைத்துவிட்டு, ஒரு சிப்பும் நாலு பொத்தானும் வாங்கிக்கொண்டு 101 ஏறினேன்.