கம்பத்தில் கிரவுன் பினியன் மாற்றிய கதை: 5.38 போய் 4.88 வந்தது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரவுன் பினியன் என்பது பின் ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி; 5.38, 4.88 என்ற எண் (ரேஷியோ), சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. எண் கூடினால் இழுவை கூடும், குறைந்தால் அதே வேகத்தில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். கம்பம், கூடலூர், குமுளி பக்கம் பழைய டீசல் பிக்கப் வைத்து லோடு அடிப்பவர்கள் மைலேஜ் ஆசையில் 3.73 கிரவுன் பினியனைத் தேடி அலைய வேண்டாம். இப்போது வண்டியில் இருப்பதிலிருந்து ஒரு படி இறங்கினால் போதும். அந்த வேலையைச் செய்துகொடுத்த பட்டறைக்கு நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், குறைந்த அந்த ஒன்று ஏன் என்று பிறகு வருகிறேன்.

வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 2500 சிசி ரக டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன்) டீசல் இன்ஜின், டர்போ கிடையாது, நாலே கியர். டாப் கியர் ஒன்றுக்கு ஒன்று, அதாவது இன்ஜின் சுற்றுவது அப்படியே புரொபெல்லர் ஷாஃப்ட்டுக்கு (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டு) போகும், இன்ஜினை இன்னும் மெதுவாகச் சுற்றவிடும் ஓவர் டிரைவ் கியர் எல்லாம் கனவு. மலை ஏறுவதில் குறையே சொல்ல முடியாது. வாழைத்தார் அடுக்கி லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு அசராமல் ஏறும். ஆனால் தேனி தாண்டி ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு விட்டால் 60-க்கு மேல் கத்த ஆரம்பித்துவிடும், 70-ல் கிளீனர் பையன் பேசுவது காதில் விழாது.

காரணம் ரேஷியோதானா என்று தெரிந்துகொள்ள பின் ஆக்ஸில் ஹவுசிங்கைத் திறக்கவே தேவையில்லை. நியூட்ரலில் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள், மற்றது தரையில் இருக்கட்டும். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, புரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சாக்பீஸ் குறி வைத்து எண்ணினால் அதுதான் ரேஷியோ. ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு என்றால் 4.88, ஐந்தேகால் தாண்டினால் 5.38. எனக்கு ஐந்தேகால் தாண்டியது. பின்னால் திறந்து பார்த்தபோது கிரவுனில் 43 பல், பினியனில் 8. முன்னால் வைத்திருந்தவர் எஸ்டேட் ரோட்டுக்காக மாற்றியிருப்பார் போல. பழைய வண்டி விஷயத்தில் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதை நம்பாமல் பல்லை எண்ணுவதுதான் நல்லது, எத்தனை கை மாறியதோ.

பட்டறை கம்பத்தில், மெயின் ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே. பெரியவர் ஒருவரும் இரண்டு பையன்களும்தான். நான் போனதும் "அண்ணே, 3.73 செட் கிடைக்குமா, மைலேஜ் வேணும்" என்றேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து டயரைப் பார்த்துவிட்டு, "தம்பி, டயரைச் சொல்லாம பல்லை மட்டும் கேக்குறீங்களே, இதை வச்சுக்கிட்டு எந்த மலை ஏறுவீங்க?" என்றார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. என் வண்டியில் 7.00-15 டயர், உயரம் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர், ஒரு சுற்றுக்கு 2.35 மீட்டர் ஓடும். 215/75 ஆர்15 போட்ட வண்டி என்றால் சுமார் 2.2 மீட்டர்தான். இந்த ஆறேழு சதவீத வித்தியாசம் ரேஷியோவிலேயே கை வைத்த மாதிரி. சின்ன டயர் போட்ட ஒருவர் 4.88-ல் ஓட்டுவதும் பெரிய டயரோடு நான் 5.2-ல் ஓட்டுவதும் ஒன்று. அதனால் பக்கத்து வீட்டு வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டு அதையே வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை.

கணக்கை அவர் சிகரெட் அட்டையில் போட்டுக் காட்டினார், நான் வீட்டுக்கு வந்து போனிலும் போட்டுப் பார்த்தேன். 80 கிமீ வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 567 சுற்று. டாப் கியரில் 5.38 என்றால் இன்ஜின் 3,050, 4.88 என்றால் 2,770, 4.27 என்றால் 2,420, 3.73 என்றால் 2,115. இதை மட்டும் பார்த்தால் யாருக்கும் 3.73 மேல்தான் கண் போகும். ஆனால் சக்கரத்துக்கு வரும் இழுவையும் அதே அளவில் குறையும்: 4.88-ல் ஒன்பது சதவீதம், 4.27-ல் ஐந்தில் ஒரு பங்கு, 3.73-ல் முப்பது சதவீதம். டர்போ இல்லாத இன்ஜினில் இந்த முப்பதை எங்கே போய்க் கடன் வாங்குவது? மூன்றாவதில் ஏறிய இடத்தில் இரண்டாவது, இரண்டாவதில் ஏறிய இடத்தில் முதல் கியர் என்று ஆகி, வளைவில் எதிரே பஸ் வந்து நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் கிளட்ச் கருகும். உத்தமபாளையத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஓட்டுகிறார், அவர் வண்டி நின்று எடுத்தால் வாசனையே சொல்லிவிடும். சமவெளியில் மிச்சம் பிடித்த டீசல் மலையில் போய்விடுகிறது, கூடவே கிளட்ச் பிளேட் செலவு.

இறக்கத்தை நிறைய பேர் யோசிப்பதே இல்லை. கோட்டயம் பக்கம் இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு திரும்புவதால் எனக்குக் குமுளி இறக்கம் பெரிய பயமில்லை, ஆனால் மேலேயிருந்து லோடோடு இறங்குபவருக்கு இன்ஜின் பிரேக்தான் உயிர். ரேஷியோ எண் குறையக் குறைய அந்தப் பிடியும் குறையும். பவர்ஹவுஸ் குழாய்கள் தெரிகிற அந்தப் பக்கத்தில் இரண்டாவது கியரில் வண்டி தானாக அடங்கி இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகிக் கீழே வரும்போது மிதி உள்ளே போகும். போடிமெட்டு ஏறி மூணாறு பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாகச் சொல்லலாம். திண்டுக்கல், திருச்சி என்று நாலு வழிச் சாலையிலேயே ஓடுகிறவர் 4.27 போட்டுக்கொள்ளட்டும், அவருக்கு அது பொருந்தும். வாரத்தில் பாதி நாள் மலை ஏறுகிற எனக்கு 4.88 என்று முடிவானது, கிரவுன் 39, பினியன் 8.

இனி வேலை. இங்கேதான் பெரியவர் மேல் மரியாதை கூடியது. புதுசு செட்டைப் பிரித்ததும் பினியன் முகத்திலும் கிரவுன் ஓரத்திலும் பொறித்திருந்த எண் ஒன்றுதானா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத் தேய்த்து ஜோடியாக வருபவை, வேறு ஜோடியின் பினியனைக் கொண்டுவந்து போட்டால் சில மாதத்தில் ஊளையிடும். பேரிங்குகளைப் பழசே போதும் என்று விடாமல் மாற்றச் சொன்னார். கோத்த பிறகு கிரவுன் பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவி, ஒரு பையன் கிரவுனை லேசாகப் பிடித்துக்கொள்ள, இவர் பினியனைக் கையால் சுற்றினார். பேஸ்ட் வழித்துக்கொண்டு போன தடம் பல்லின் நுனியில் விழுந்தது, அதாவது பினியன் கிரவுனைவிட்டுத் தள்ளி நிற்கிறது. கழற்றி, சிம் எனும் மெல்லிய தகடு வளையத்தை மாற்றி, திரும்பக் கோத்து, திரும்பத் தடவி, தடம் பல்லின் நடுவில் முட்டை வடிவத்தில் விழும்வரை விடவில்லை. அப்புறம் டயல் கேஜ் எனும் அளவுமானி வைத்துப் பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி ஆட்டத்தைப் பார்த்தார், கால் மில்லிமீட்டருக்குள் நின்றது. கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று மூடிவிடுகிற பட்டறைகளும் இதே ரோட்டில் உண்டு.

ஆக்ஸிலுக்கு ஊற்றிய கியர் எண்ணெய் ஜிஎல்-5 தரம், 80டபிள்யூ-90 கெட்டி. மிச்சம் இருந்ததைக் கியர் பாக்ஸில் ஊற்றவா என்று பையன் கேட்டதற்கு ஒரு முறை முறைத்தார். அதற்கு ஜிஎல்-4 தான், இதில் உள்ள மருந்து பித்தளை வளையங்களைத் தின்றுவிடும் என்றார். முதல் 500 கிலோமீட்டர் பாதி லோடு, நடுநடுவே நிறுத்தி ஆறவிடுவது, பிறகு எண்ணெயை மாற்றிவிடுவது. ஹவுசிங்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் அதிகம்.

பலன்? மதுரை ரோட்டில் 70-ல் இப்போது பேச முடிகிறது. மலையில் வித்தியாசம் லோயர் கேம்ப் தாண்டி முதல் ஏற்றத்தில் மட்டும் தெரிகிறது, முன்பு மூன்றாவதில் போன ஒரு துண்டுக்கு இப்போது இரண்டாவது வேண்டும், அவ்வளவுதான். மைலேஜ் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர் பாக்ஸிலிருந்து வருவதால், ரேஷியோ மாறியதும் மீட்டர் ஒன்பது சதவீதம் குறைத்துக் காட்டும். மீட்டரில் 60 என்றால் நிஜத்தில் 66. ஓடிய தூரமும் அப்படியே குறைவாக ஏறும், அதை வைத்து லிட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் எதுவுமே கூடவில்லை என்று தோன்றும். போன் மேப்பில் தூரம் பார்த்துத்தான் எனக்கு உண்மை தெரிந்தது: சமவெளியில் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருக்கிறது, மலையில் பழையபடிதான். கேபிள் முனையில் உள்ள சின்னப் பல்லை மாற்றினால் மீட்டர் சரியாகும், அதை நான் இன்னும் செய்யவில்லை. செக்போஸ்ட் பக்கம் கேமரா இருக்கும் ரோட்டில் போகிறவர்கள் உடனே செய்துவிடுங்கள்.

குறைந்த அந்த ஒன்றுக்கு வருவோம். நாளைக்கு என்று சொன்ன வண்டி வாரம் முடியும்போதுதான் கிடைத்தது, அந்த வாரத்து லோடு வாடகை வண்டிக்குப் போய்விட்டது. பினியன் பக்கத்து எண்ணெய் சீல் கசிந்து திரும்ப எடுத்துப் போக வேண்டியதாயிற்று. காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். பில் கேட்டால் அட்டையில்தான் எழுதித் தருவார். கூலியும் மற்ற இடங்களைவிட அதிகம், பேரம் பேசினால் முகம் மாறும்.

போகிறவர்கள் திங்கள், செவ்வாயில் வண்டியை விட்டுவிடுங்கள், வாரக் கடைசியில் எஸ்டேட் ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் வரிசையில் நிற்கும். ஃபோர் வீல் ஜீப் என்றால் முன் ஆக்ஸிலுக்கும் அதே ரேஷியோ போட்டே ஆக வேண்டும், செலவை இரண்டால் பெருக்கிக்கொண்டு போங்கள். கழற்றிய பழைய செட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பல் நல்லதாக இருந்தால் கம்பமெட்டு பக்கம் ஓட்டுகிற ஜீப்காரர்கள் 5.38 என்றதும் விலை பேச வருவார்கள், என்னுடையது அப்படித்தான் போனது.