நல்ல லைவ் மியூசிக் பார் வேண்டுமா? டிரம்மரைப் பின்தொடருங்கள்

பெரிய நகரம் ஒன்றில் இறங்கி, லைவ் மியூசிக் பார் என்று போனில் தேடினால் பெயர்கள் வந்து கொட்டும். நேரில் போனால் கதை வேறு. ஒரு இடத்தில் மூலையில் ஒருவர் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பார், அவர் தலைக்கு மேலே டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு இடத்தில் டிஜே மட்டும்தான். மூன்றாவது இடத்தில் நல்ல பேண்ட் இருக்கும், ஆனால் பாடுபவரின் ஒரு வார்த்தைகூடக் காதில் தெளிவாக விழாது. இசைக்காகவே நடத்தப்படும் பார் எந்த ஊரிலும் கொஞ்சம்தான். அதைக் கண்டுபிடிக்க நான் இத்தனை வருடம் பயன்படுத்திய வழிகளில் எது உதவியது, எது நேரத்தைத் தின்றது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் எல்லோரும் போவது கூகுள் மேப்ஸுக்குத்தான். இந்த வேலைக்கு அதன் நட்சத்திரங்களுக்கு நான் ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன். காரணம் சுலபம், மக்கள் அங்கே மார்க் போடுவது நாற்காலிக்கும் பானத்துக்கும் கழிவறைக்கும் பரிமாறியவரின் முகத்துக்கும். மேடையில் வாசித்தவருக்கு அந்த நட்சத்திரத்தில் பங்கு ரொம்பக் குறைவு. ஆனால் அதற்குள்ளேயே உபயோகமான இடம் ஒன்று இருக்கிறது, கருத்துகளுக்குள் வார்த்தை போட்டுத் தேடும் வசதி. சவுண்ட், பேண்ட், டிரம்ஸ் என்று தேடிப் பாருங்கள். "பாட்டு நடக்கும்போது பேசினால் முறைக்கிறார்கள்" என்று யாராவது கோபமாக ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தால் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் படங்கள். கண்ணாடிக் கோப்பைப் படங்களைத் தள்ளிவிட்டு மேடை தெரிகிற படத்துக்குப் போங்கள். டிரம்ஸ் நிரந்தரமாக அங்கேயே இருக்கிறதா, அதன் அடியில் கம்பளம் விரித்திருக்கிறதா, மிக்ஸர், அதாவது எல்லா மைக்குகளின் ஒலியையும் கலந்து சரிசெய்யும் கருவி, மேடைக்கு எதிரே ஆட்கள் உட்காரும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மிக்ஸர் மேடைக்குப் பக்கவாட்டிலோ பின்னாலோ இருந்தால் அதை இயக்குபவருக்கு நாம் கேட்பது கேட்காது. கம்பளம் சின்ன விஷயம்தான், ஆனால் கால் அடிக்கும் வேகத்தில் பேஸ் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும் என்று தெரிந்தவர்கள்தான் அதை விரிப்பார்கள்.

கச்சேரிகளைத் தேடித்தரும் சாங்கிக், பேண்ட்ஸ்இன்டவுன் சேவைகள் இரண்டும் 2007-இல் வந்தவை, இரண்டுமே இசைக்கலைஞர்களைச் சுற்றிக் கட்டப்பட்டவை. நீங்கள் கேட்கிறவர்களின் பெயரைக் கொடுத்தால் அவர்கள் எப்போது எங்கே வாசிக்கிறார்கள் என்று சொல்லும். அந்த வேலையை நன்றாகவே செய்கின்றன. நமக்கு வேண்டியது வேறு. செவ்வாய்க்கிழமை ராத்திரி, நாம் பெயரே கேள்விப்படாத மூன்று பேர் பிரமாதமாக வாசித்துக்கொண்டிருக்கும் அறை இந்த வழியில் சிக்காது. அதனால் நான் இவற்றைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறேன். பாரின் பக்கத்தைத் திறந்து, ஏற்கனவே நடந்து முடிந்த கச்சேரிகளைப் பார்க்கிறேன். ஒரே பெயர் அதே கிழமையில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அங்கே ஒரு உறவு இருக்கிறது என்று அர்த்தம். அந்த பேண்டுக்கு அறையின் குணம் தெரியும், சவுண்ட் பார்ப்பவருக்கு பேண்டின் குணம் தெரியும்.

நியூயார்க்கில் வில்லேஜ் வேன்கார்ட் என்று ஒரு ஜாஸ் கிளப். 1935-இல் மேக்ஸ் கார்டன் தொடங்கியது. முக்கோண வடிவத்தில் ஒரு நிலவறை, 123 பேர்தான் உள்ளே போகலாம். 1966 பிப்ரவரியில் அங்கே ஒரு பெரிய ஜாஸ் குழு திங்கள்கிழமை தோறும் வாசிக்க ஆரம்பித்தது. தொடங்கி வைத்த தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் இன்று இல்லை, அவர்களிடமிருந்து வளர்ந்த குழு திங்கள்கிழமையை விடவில்லை.

ஏன் திங்கள் என்பதுதான் எனக்கு இந்தத் தேடலில் கிடைத்த பெரிய துப்பு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1938-இல் திறந்த மின்டன்ஸ் பிளேஹவுஸ் என்ற ஜாஸ் கிளப்பில், 1940-களின் தொடக்கத்தில், பக்கத்து அப்போலோ தியேட்டரில் வாசிப்பவர்களை அவர்களது ஓய்வு நாளான திங்களன்று அழைத்துச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டவர்கள் மேடை ஏறி வாசித்தார்கள். அந்த இடத்தின் நிரந்தரக் குழுவில் பியானோ தெலோனியஸ் மங்க், டிரம்ஸ் கென்னி கிளார்க். பீபாப் என்ற ஜாஸ் பாணி உருவானதில் அந்த இரவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வாசிக்கிறவர்கள் தங்கள் ஓய்வு நாளில் தாங்களாகவே எங்கே போகிறார்களோ அதுதான் நல்ல இடம். அந்த விஷயம் இன்றும் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை பார்கள் கூட்டத்துக்காக நடக்கின்றன. திங்கள், செவ்வாய், புதனில் இசையை வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வைக்கிறவர்களுக்கு இசை மீது நிஜமான ஆசை இருக்கிறது.

ஆகவே என் வழி இது. ஊருக்குப் போன முதல் ராத்திரி ஏதாவது ஒரு ஜாம், அதாவது யார் வேண்டுமானாலும் மேடை ஏறிச் சேர்ந்து வாசிக்கும் இரவு, நடக்கும் இடத்துக்குப் போவேன், இடம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே டிரம்மரையும் பேஸ் வாசிப்பவரையும் கவனிப்பேன். பாடகருக்குத் தன் குழு, தன் பெயர், தன் போஸ்டர். டிரம்மரும் பேஸ்காரரும் அப்படியில்லை, நாலைந்து குழுக்களில் மாறி மாறி வாசிப்பார்கள். எந்த மேடையில் நல்ல டிரம்ஸ் இருக்கிறது, எங்கே மேடையிலுள்ள மானிட்டர் ஸ்பீக்கரில் தன் சத்தம் தனக்குக் கேட்கும், எங்கே பேசிய பணம் அன்றைக்கே கைக்கு வரும் என்று எல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தொடர்ந்தால் அந்த நகரத்தின் இசை வரைபடமே கையில் கிடைத்த மாதிரி.

ஒரு ஊரில் செட் (இடைவேளை இல்லாமல் வாசிக்கும் பாட்டு வரிசை) முடிந்ததும் டிரம்மர் சிம்பல்களை, அதாவது டிரம்ஸின் உலோகத் தட்டுகளைக் கழற்றி, நடுவில் துணி வைத்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். "வேலை இல்லாத ராத்திரி நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று கேட்டேன். கையிலிருந்த வேலையை நிறுத்தினார். வாசித்த பாட்டுகளின் பட்டியல் இருந்த தாளைத் திருப்பி மூன்று இடங்களின் பெயரை எழுதினார், ஒவ்வொன்றுக்கும் எதிரே கிழமையையும் போட்டார். "முதல் இடத்துக்கு வெளியே போர்டு இருக்காது, படியிறங்கிப் போங்கள்" என்றார்.

மறுநாள் போனேன். அறுபது நாற்காலி இருக்கும், தாழ்ந்த கூரை, மேடைக்குப் பின்னால் கனமான திரை. மூன்றாவது பாட்டு ரொம்ப மெல்லியது, டிரம்மர் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்து ஸ்னேர் டிரம் மேல் தேய்க்க ஆரம்பித்தார். பாரில் பானம் ஊற்றிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் ஐஸ் பெட்டிக்குள் கரண்டியை விட்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டார். கை ஐஸுக்குள், முகம் மேடை பக்கம். பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்த பிறகுதான் ஐஸை அள்ளினார். கேட்ட பானத்துக்காகக் காத்திருந்தவரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அறிவிப்பு ஒட்டி வைக்காமல் இது நடந்தது. அந்த இடத்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்க எனக்கு அது ஒன்றே போதும்.

முழு நிசப்தம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் மாதம் ஒரு ஞாயிறன்று வேன்கார்டில் வாசித்ததைப் பதிவு செய்தார்கள், அதில் கோப்பைகள் உரசுவதும் பேச்சுச் சத்தமும் கேட்கத்தான் செய்கின்றன. பார் என்றால் அது இருக்கும். சத்தம் எப்போது அடங்க வேண்டும் என்று அறைக்குத் தெரிந்திருந்தால் போதும்.

வெளித்தோற்றத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 1982-இல் திறந்த புளூபேர்ட் கஃபே சாதாரணக் கடை வரிசைக்குள் ஒன்றாக இருக்கிறது, ஏறக்குறைய 90 இருக்கைகள்தான். பாட்டு எழுதுகிறவர்கள் அறை நடுவில் வட்டமாக உட்கார்ந்து பாடுவதைக் கேட்க அங்கே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

உள்ளே போனதும் நான் செய்வது, மேடைக்கு முன்னால் இடம் பிடிக்காமல் மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்று ஒரு பாட்டு கேட்பது. அங்கே ஆள் இருக்கிறாரா என்பதே முதல் கேள்வி. கச்சேரிக்கு முன் நடக்கும் சவுண்ட்செக்கில் ஒலியைச் சரிசெய்துவிட்டுப் போய்விட்டால் சரியாக வராது, ஏனென்றால் காலி அறையும் ஆள் நிறைந்த அறையும் ஒன்றில்லை. மனித உடம்பும் உடையும் மேல் ஸ்தாயி ஒலிகளை நிறைய உறிஞ்சும், பேஸை அவ்வளவாக உறிஞ்சாது. கூட்டம் சேரச் சேர மேலே மங்கும், கீழே கும்மென்று தங்கும். நல்ல சவுண்ட் இன்ஜினியர் இரண்டாவது பாட்டிலேயே எழுந்து அறையைச் சுற்றி நடந்து கேட்டுவிட்டு வந்து திருத்துவார். வெறும் சிமென்ட் சுவரும் கண்ணாடியும் என்றால் சிம்பல் அடி திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். சின்ன அறையில் டிரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை, அதன் சத்தத்துக்கு ஈடாக மற்ற எல்லாரும் தங்கள் ஆம்ப்ளிஃபயரைக் கூட்டியாக வேண்டும். டிரம்மரின் கை அடங்கியிருந்தால் முழு பாரும் அடங்கியிருக்கும்.

காதைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வரையறைப்படி இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க நியோஷ் அமைப்பின் கணக்கு இன்னும் கடுமையானது, 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம், அதற்கு மேலே ஏறும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100-க்கு வரும்போது 15 நிமிடம்தான். இசைக்கலைஞர்கள் போடும் வகை இயர்பிளக் வாங்கிக்கொள்ளுங்கள். மலிவான ஃபோம் வகை உயர்ந்த ஒலிகளை அதிகமாக வெட்டிவிடும், போர்வைக்குள்ளிருந்து கேட்ட மாதிரி இருக்கும். கேட்டவுடன் இலவசமாக இயர்பிளக் எடுத்துக் கொடுக்கிற பாரை நான் நம்புவேன்.

ஒரு முறை நன்றாக ஏமாந்தேன். மதிப்பெண் உச்சத்தில் இருந்த இடம், லைவ் பேண்ட் என்று போஸ்டர், வாசலிலேயே நுழைவுக் கட்டணம். உள்ளே ஒருவர் மட்டும் மைக் பிடித்துப் பாடினார், மற்ற வாத்தியமெல்லாம் லேப்டாப்பிலிருந்து வந்தது. கேட்டதற்கு, அவர் பாடுவது லைவ்தானே என்றார் மேனேஜர். பாடியவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் நன்றாகத்தான் பாடினார். பேண்ட் என்று சொல்லிக் காசு வாங்கியது தப்பு, இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. அதிலிருந்து போவதற்கு முன்னால் போன் போட்டு நாலு கேள்வி கேட்கிறேன். இன்றைக்கு யார் வாசிக்கிறார்கள், எத்தனை பேர், டிரம்ஸ் உண்டா, முதல் செட் எத்தனை மணிக்கு. இசை இருக்கும் இடத்தில் போனை எடுப்பவருக்கே பதில் தெரியும். "ஏதோ பேண்ட் சார், ஒன்பது மணிக்கு மேலே வாங்க" என்றால் நான் போவதில்லை. நுழைவுக் கட்டணம் வாசிப்பவர்களுக்குப் போகிறதா என்றும் கேளுங்கள், நேர்மையான இடங்கள் தயங்காமல் சொல்லும்.

அந்த டிரம்மர் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. இரண்டாவது இடமும் அருமை, ஆனால் நெரிசல் அதிகம், முதல் செட்டுக்கே போய்விடுங்கள். மூன்றாவது இடத்தில் புதன்கிழமை மட்டும்தான் கச்சேரி, அன்றைக்கு நான் ஊரில் இல்லை. அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று, செவ்வாய் போய் வியாழன் திரும்புகிறேன்.