போலிப் பொருளைத் தடுப்பது யார்: விற்பனைத் தளமா, அரசா?

இணைய விற்பனைத் தளத்தில் வாங்கிய பெட்டியில் பிராண்டின் பெயர் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே இருக்கும் சார்ஜரோ கையில் எடுத்தாலே கனமில்லை. அச்சிட்ட எழுத்திலும் பிழை. விற்றவரைப் பிடிப்பது யார் வேலை?

வேகம் என்று பார்த்தால் தளம்தான். விற்பவரின் வங்கிக் கணக்கு, முகவரி, வாங்கியவர்களின் புகார் எல்லாம் அதன் கையில். நினைத்தால் ஒரு நிமிடத்தில் பக்கத்தை முடக்கலாம். ஆனால் முடக்குவதோடு சரி. அதே ஆள் அதே படங்களோடு மறுநாள் வேறு பெயரில் கடை விரிப்பார். அப்புறம், ஒவ்வொரு விற்பனையிலும் தளத்துக்குக் கமிஷன் உண்டு. அந்த வருமானத்தை விட்டுவிட்டுத் தானாகவே தேடிப் பிடிக்கும் என்று நான் நம்பவில்லை.

அரசு மெதுவாகத்தான் நகரும். சின்னச் சின்னப் பார்சல்களாக வருவதைச் சுங்கத்துறையால் முழுக்கப் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனாலும் கிடங்கைச் சோதனையிடவும் சரக்கைப் பறிமுதல் செய்யவும் சிறைக்கு அனுப்பவும் அதனால் மட்டுமே முடியும்.

நகை நிறுவனமான டிஃபனி, இணைய விற்பனைத் தளமான ஈபே மீது தொடுத்த வழக்கில் 2010-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், தன் தளத்தில் போலி விற்கப்படுகிறது என்று பொதுவாகத் தெரிந்திருப்பது மட்டும் தளத்தைப் பொறுப்பாக்காது என்றது. தேடும் சுமை பிராண்டின் தலையில் விழுந்தது. 2023-இல் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டம், ஓராண்டில் 200 விற்பனையையும் 5,000 டாலர் வருவாயையும் எட்டும் விற்பனையாளர்களின் அடையாளத்தைத் தளமே சரிபார்க்க வேண்டும் என்கிறது. எனக்கு இந்த வழிதான் சரியென்று படுகிறது: ஆளைத் தளம் காட்டட்டும், அரசு பிடிக்கட்டும். போலி மருந்து, பிரேக் கட்டை போன்றவற்றில் மட்டும் புகார் வரும்வரை அரசு காத்திருக்கக் கூடாது.