மாடியில் சோலாரா, வாரிய மின்சாரம் மட்டுமா?

ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், கீழக்கரைப் பக்கம் பலரும் கேட்கும் கேள்வி இது.

செலவு: சோலாருக்கு முதலிலேயே பெரிய தொகை வேண்டும், ஆனால் 2024-இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. வாரிய மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்.

பராமரிப்பு: இங்கேதான் நன்றாக யோசிக்க வேண்டும். உப்புக்காற்று சோலார் பலகையைத் தாங்கும் சாதாரண இரும்புச் சட்டத்தைச் சீக்கிரம் அரித்துவிடும். அலுமினியச் சட்டம், துருப்பிடிக்காத போல்ட் என்று கேட்டு வாங்குங்கள். பலகையில் படியும் உப்பை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். குடத்துக்குக் காசு கொடுக்கும் தெருவில் அதுவும் செலவுதான்.

கரண்ட் போனால்: பேட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். இது தெரியாமலே பலர் போட்டுவிடுகிறார்கள்.

ஏசி ஓடும் சொந்த மாடி வீட்டுக்கு சோலார் சரி. விசிறியும் விளக்கும் மட்டும் உள்ள வீட்டுக்கு வாரிய இணைப்பே போதும்.