சீரத்துல சாகாத ரெண்டு பாக்டீரியா: கிளெப்சியெல்லா வழி, மெனிங்கோகாக்கஸ் வழி

வேலூர்ல மைக்ரோபயாலஜி, லேப் டெக்னாலஜி படிக்கிற பசங்க நிறைய பேர் இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறாங்க, அதான் எழுதுறேன். ரத்த சீரத்துல இருக்கற காம்ப்ளிமென்ட் புரோட்டீனுங்க வரிசையா வந்து ஒட்டி, கடைசில சி5பி-ல இருந்து சி9 வரைக்கும் சேர்ந்து பாக்டீரியாவோட வெளிச்சவ்வுல ஓட்டை போட்டுடும், அதோட அது காலி. இந்த ரெண்டு பாக்டீரியாவும் இதுல இருந்து தப்பிக்கற வழி வேற வேற.

கிளெப்சியெல்லா பண்றது நம்ம கோட்டைய சுத்தி அகழி இருக்கற மாதிரி. கெட்டியான கேப்சூல் (செல்ல சுத்தி இருக்கற சர்க்கரை உறை), வெளிச்சவ்வுல இருந்து நீட்டிட்டு இருக்கற ஓ ஆன்டிஜென்ங்கற நீளமான சர்க்கரைச் சங்கிலி, ரெண்டும் சேர்ந்து காம்ப்ளிமென்ட்ட சவ்வுகிட்டயே விடாது. சில ஸ்ட்ரெயினோட (உள்வகையோட) காலனிய, அதாவது தட்டுல வளந்த பாக்டீரியா கூட்டத்த, லூப்பால (கம்பி வளையத்தால) தொட்டு தூக்குனா 5 மில்லிமீட்டருக்கு மேல நூல் மாதிரி இழுத்துட்டு வரும், ஒரு தடவை பாத்தா மறக்கவே மாட்டீங்க.

மெனிங்கோகாக்கஸுக்கும் கேப்சூல் உண்டு, ஆனா அதோட விடல. நம்ம செல்ல காம்ப்ளிமென்ட் தாக்காம பாத்துக்கற ஃபேக்டர் எச்-னு ஒரு புரோட்டீன் நம்ம ரத்தத்துலயே சுத்திட்டு இருக்கு, அதையே புடிச்சு தன் மேல ஒட்டிக்குது, ஓட்டை போடறதுக்கு முன்னாடி வர்ற சி3பி-ங்கற காம்ப்ளிமென்ட் கட்டத்துலயே தாக்குதல் அடங்கிடுது.

தந்திரத்துல ரெண்டாவதுதான் பெருசு. ஆனா அந்த ஒட்டுற புரோட்டீனையே வச்சு மெனிங்கோகாக்கஸ் பி-க்கு தடுப்பூசி பண்ணிட்டாங்க. கிளெப்சியெல்லாவுக்கு கேப்சூல் வகையே 70-க்கு மேல, கார்பபெனம்ங்கற வலுவான ஆன்டிபயாட்டிக் கூட கேக்காத ஸ்ட்ரெயின் வேற ஐசியூல இருக்கு, எனக்கு இதுதான் அதிக பயம்.

சீரத்துல பாக்டீரியா சாகுதானு டெஸ்ட் பண்றவங்க, 56 டிகிரில 30 நிமிஷம் சூடு பண்ணி காம்ப்ளிமென்ட்ட வேலை செய்யாம ஆக்குன சீரத்தையும் கட்டாயம் கன்ட்ரோலா வைங்கப்பா.